ஆபீசுக்கு 20 டெஸ்க்டாப், 3 லட்சத்துக்குள்: புதுசா, பழசா?

கேள்வி (ஈரோட்டு வாசகர்), 11 ஜூன் 2025

மஞ்சள் கமிஷன் மண்டி, கூடவே லாரி புக்கிங். மொத்தம் 20 சீட். எல்லாமே 2012, 2013இல் வாங்கிய பெட்டிகள். அக்டோபரோடு விண்டோஸ் 10 முடிகிறது என்கிறார்கள். அண்ணன் 3 லட்சத்துக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்றுவிட்டார். ஆன்லைனில் ‘ஐ5, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, புத்தம் புதுசு’ என்று 11,500 ரூபாய்க்குப் போட்டிருக்கிறான். 20 எடுத்தால் 2.3 லட்சம்தான், மிச்சமே 70,000. இதைவிட என்ன வேண்டும்? வாங்கியவர்கள் சொல்லவும்.

11 ஜூன் 2025, இரவு 10.50

வாங்காதீர்கள். விவரம் நாளைக்கு.

12 ஜூன் 2025

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியோடு விட்டதற்கு நான்கு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சரி, காரணத்தைச் சொல்கிறேன்.

ஐ5 என்பது வீட்டுப் பெயர் மாதிரி. 2011இல் வந்த ஐ5-2400உம் ஐ5தான், 2018இல் வந்த ஐ5-8500உம் ஐ5தான். தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில் இருந்தால் எந்த ராமசாமி என்று கேட்போமில்லையா, அதை இங்கேயும் கேட்க வேண்டும். 11,500 ரூபாய் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே ஹெச்61 என்ற சிப்செட் வைத்த மதர்போர்டு இருக்கும். அந்த சிப்செட் வந்தது 2011இல். அதை வைத்து இன்றைக்கும் புதிதாக போர்டு அடித்து விற்கிறார்கள், அதனால் ‘புத்தம் புதுசு’ என்பது முழுப் பொய்யும் இல்லை. போர்டு புதுசு, கேபினெட் புதுசு, அட்டைப்பெட்டி புதுசு. பிராசசர் மட்டும் எங்கோ கழற்றிப் போட்டது, வயது 12. ராம் டிடிஆர்3, பழைய வகை.

விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும். நீங்கள் அக்டோபருக்குப் பயந்து வாங்கப் போகிறீர்கள், வாங்கப் பார்ப்பதோ அக்டோபரைத் தாண்டாத பெட்டி. ஏமாற்றி ஏற்ற வழி இருக்கிறது என்று யாராவது வருவார்கள். இருக்கிறது. வீட்டில் செய்துகொள்ளுங்கள். 20 சீட்டில் ஒரு அப்டேட் வந்து மறுத்தால் காலையில் லாரிக்காரர் உங்கள் வாசலில் நிற்பார்.

பார்க்க வேண்டியது ஐ5க்குப் பக்கத்து எண். நான்கு இலக்கமாக இருந்தால் முதல் எண் 8 அல்லது 9. ஐந்து இலக்கமாக இருந்தால் 10, 12 என்று தொடங்கும். எண்ணே போடாத விளம்பரத்தை அப்படியே தள்ளிவிடுங்கள், எண் நன்றாக இருந்தால் அவனே பெரிதாகப் போட்டிருப்பான்.

இன்னொன்று, எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கிற டப்பா. ‘450 வாட்’ என்று ஸ்டிக்கர் இருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள். காலி டிபன் பாக்ஸ் கனம்தான் இருக்கும்.

14 ஜூன் 2025

எங்கள் கதை. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஆபீஸ், 19 சீட். நான் அக்கவுண்ட்ஸ். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் ஐ.டி. பிரிவும் நானே.

நாங்கள் செய்த தப்பு, விலை பார்த்துப் பார்த்து வாங்கியது. ஒரு வருஷம் நாலு, அடுத்த வருஷம் மூணு, தீபாவளி ஆஃபரில் ரெண்டு. கடைசியில் 19 பெட்டியில் ஏழு வகை. ஒன்றின் எஸ்எம்பிஎஸ் போனால் இன்னொன்றில் கழற்றிப் போட முடியாது. ஒன்றுக்கு டிடிஆர்3, ஒன்றுக்கு டிடிஆர்4. ஒன்றுக்கு எஃப்2 அடித்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை), இன்னொன்றுக்கு எஃப்10. ஒவ்வொரு ரிப்பேரும் புதுப் பாடம். ஷிப்மென்ட் நாளில் ஒரு பெட்டி படுத்துவிட்டால், பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்வதுதான் எங்கள் அவசர ஏற்பாடு.

அதனால் என் கருத்து ஒன்றே ஒன்று: 20ம் ஒரே மாடலாக இருக்க வேண்டும், 20 வேண்டுமென்றால் 22 வாங்க வேண்டும். புதுசா பழசா என்பது இரண்டாவது கேள்வி. வேலை செய்கிற பெட்டி ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தால்தான் இரவில் தூக்கம் வரும்.

இரண்டாவது கேள்விக்குக் கணக்கு. புதிதாக அசெம்பிள் செய்ய கோவை காந்திபுரத்தில் கேட்டேன்: ஐ3-12100, ஹெச்610 போர்டு, 8 ஜிபி, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒழுங்கான எஸ்எம்பிஎஸ், 22,000 சொன்னார்கள். விண்டோஸ் 11 புரோ தனியாக 12,000ஐ ஒட்டி. ஆக 34,000, மானிட்டர் இல்லாமல். பெரிய கம்பெனிகள் லீஸ் முடிந்து கழிக்கிற பெட்டி (டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர், இந்த மூன்று வரிசையில் எதுவானாலும்), ஐ5-8500, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, 13,500. விண்டோஸ் புரோ உரிமம் போர்டிலேயே இருக்கும், 11க்கு இலவசமாக ஏறும். டாலி, எக்செல், இ-இன்வாய்ஸ் தளம், மெயில், இவ்வளவுதான் வேலை என்றால் அந்த ஆறு கோர் தாராளம். எங்கள் ஓட்டு பழசுக்கு.

8 ஜிபி ராம் போதுமா என்று கேட்டவருக்கு: 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருக்கட்டும், இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கட்டும். ராம் எங்கே ஓடிப் போகிறது? 8 ஜிபி டிடிஆர்4 இன்றைக்கு 1,650 ரூபாய். தேவைப்படும்போது வெற்றிலை வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம்.

(19 டிசம்பர்: மேலே உள்ள பத்தியை வெட்கத்தோடு அப்படியே விட்டிருக்கிறேன்.)

18 ஜூன் 2025

‘ஆன்லைனில் 500 ரூபாய்க்கு விண்டோஸ் கீ கிடைக்கிறதே’ என்று ஒருவர். கிடைக்கும். என்றைக்கு அது செத்துப்போகும் என்பதும் தெரியாது, ஆடிட்டர் உரிமத்துக்கு பில் கேட்டால் காட்டவும் ஒன்றும் இருக்காது.

பழைய பெட்டி வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை. கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். நடுவில் எம்ஜிஆர் இருக்கிறார், மறக்காது. ‘நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது’ என்று வந்தால் அந்த மட்டில் சரி. ஒரு தேதியைச் சொல்லி அன்றைக்கு முடியும் என்று வந்தால், கடைக்காரர் கம்பெனி உரிமத்துக்கான கள்ளச் சாவியைப் போட்டிருக்கிறார், அது 180 நாள் கணக்கு.

6 ஜூலை 2025

பெட்டி வாங்க சென்னைக்குப் போய் வந்துவிட்டேன். சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி காலையில் சென்ட்ரல், மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம், அங்கிருந்து பொடிநடையாக ரிச்சி தெரு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தை. கோவையிலேயே வாங்கலாமே என்று ஓனர் கேட்டார். ஒரே மாடலில் 12 பெட்டி ஒரே இடத்தில் வேண்டும் என்றதும் கோவையில் இரண்டு கடை ‘கலந்து தரட்டுமா’ என்றார்கள். கலந்து வாங்கித்தானே இந்தக் கதி.

முதலில் 12 (11 சீட், 1 உபரி), மீதி 9 செப்டம்பரில் என்று ஓனரோடு ஏற்பாடு. பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை என்று தொடங்கினார்கள். பில்லில்லாத விலையைக் கேட்டு மயங்காதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி நமக்கு இன்புட்டாக (நாம் கட்ட வேண்டிய வரியில் கழிவாக) திரும்பி வரும், பில் இல்லாவிட்டால் அதுவும் போச்சு, தேய்மானமும் போச்சு. கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம். வாங்கிய நிதியாண்டில் (ஏப்ரல் முதல் மார்ச்) 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான், அதாவது அக்டோபர் முதல் வாரம் தாண்டினால் 20. முதல் தவணையை ஜூலையிலேயே முடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு கண்ணி: பழைய பொருள் விற்பவர் தன் லாபத்துக்கு மட்டும் வரி கட்டுகிற முறையில் பில் போட்டால், வரி தனியாகக் காட்டியிருக்காது. இன்புட் எடுக்க வழியில்லை. பேரம் பேசுவதற்கு முன்னாலேயே பில் மாதிரியை வாங்கிப் பாருங்கள். நான் மூன்றாவது கடையில்தான் இதைக் கேட்கவே தொடங்கினேன்.

எந்த பிராண்ட் எடுத்தேன் என்று சொல்லமாட்டேன், சண்டை வரும்.

9 ஜூலை 2025

பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் பழைய கம்பெனியின் பார்கோடு ஸ்டிக்கர். சுரண்டிச் சுரண்டி நகம் போயிற்று. தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிஷம் விட்டால் வழுக்கிக்கொண்டு வருகிறது என்று பேக்கிங் செக்ஷன் அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

12இல் 2 பெட்டியில் பயாஸ் பாஸ்வேர்ட். பழைய கம்பெனி போட்டது, கடைக்காரர் எடுக்காமலே அனுப்பிவிட்டார். கேட்டால் “விண்டோஸ் ஓடுதில்ல சார், அப்புறம் என்ன?” என்கிறார். ஓடுகிறது, ஆனால் பென் டிரைவிலிருந்து பூட் செய்ய முடியாது. நான் எல்லாப் பெட்டியையும் ஒரே அச்சில் வார்க்கப் போகிறேன், அதற்கு அதுதான் வாசல். அந்த இரண்டையும் போர்டில் ஜம்பர் என்கிற சின்ன இணைப்பு மூடியை மாற்றிப் போட்டு எடுத்தேன், ஒரு மதியம் போயிற்று.

ஒரு பெட்டியில் பிராசசர் ஐ3-8100. வெளியே ஸ்டிக்கர் ஐ5. மாற்றிக் கொடுத்தார்கள், போக்குவரத்துச் செலவு எங்கள் தலையில். கடையில் 12ஐயும் ஆன் செய்து பார்க்காமல் மூன்றை மட்டும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனது என் தப்பு.

இன்னொன்றைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. ஒரு எஸ்எஸ்டியை அழிக்காமலே அனுப்பியிருக்கிறார்கள். திறந்தால் யாரோ ஒரு ஆபீசின் சம்பளப் பட்டியல், பெயர், பேங்க் கணக்கு எண் சகிதம். உடனே அழித்தேன். ஆனால் அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். எங்கள் பழைய பெட்டிகள் காயலான் கடைக்குப் போகும் முன் டிஸ்க் என் கைக்கு வர வேண்டும். இப்போது என் மேஜை டிராயரில் ஏழு ஹார்ட் டிஸ்க் கிடக்கின்றன, அவற்றை என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை. பெட்டிகளையும் காயலான் கடைக்கு அல்ல, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி.

20 ஜூலை 2025

ஈரோட்டுக்காரர் ‘13,500 பெருக்கல் 20, 2.7 லட்சம், முடிஞ்சுது’ என்று எழுதியிருக்கிறார். முடியவில்லைங்க. 12 பெட்டிக்கு மேல் எங்களுக்கு ஆன செலவு:

எங்கள் பழைய மானிட்டர்களில் இருப்பது விஜிஏ இணைப்பு. பெட்டியில் விஜிஏ இல்லை, டிஸ்பிளேபோர்ட் மட்டும். மாற்றி ஒன்று 380 வீதம் 9, ஆக 3,420. கீபோர்டு மவுஸ் 12 செட் 7,800. யுபிஎஸ் நான்குக்கு பேட்டரி மாற்றியது 3,800 (புது பெட்டியைப் பழைய யுபிஎஸ்ஸில் செருகி, கரண்ட் போன நொடியில் அணைந்தால், பெட்டியைத் திட்டாதீர்கள்). ஸ்விட்ச் ஒன்று 1,450. லேன் கேபிள், கிரிம்பிங் 2,200. வேன் வாடகை 1,800. ஆக 20,470. ஒரு பெட்டிக்கு 1,700 சொச்சம்.

இதையும் சேர்த்து, உபரி 2ம் சேர்த்து, அண்ணனிடம் 3.35 லட்சம் கேளுங்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள், நடுவில் போய் நிற்பதுதான் கேவலம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். வாட் மீட்டர் ஒன்று வாங்கிச் செருகிப் பார்த்தேன். சும்மா நிற்கும்போது பழைய டவர் 64 வாட், புதிதாக வந்த பழசு 24. ஒரு சீட்டுக்கு 40 வாட் மிச்சம். 19 சீட், நாளைக்கு 9 மணி நேரம், வருஷம் 300 நாள், 2,052 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 20,000க்கு மேல். ஓனர் இந்தக் கணக்கைக் கேட்டதும்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

21 ஜூலை 2025

நேற்றைய கணக்கில் காயின் பேட்டரி (கரண்ட் இல்லாதபோதும் பெட்டியின் கடிகாரத்தை ஓட்டுகிற, நாணயம் மாதிரியான பேட்டரி) விட்டுப்போயிற்று. 12 பெட்டிக்கு 30 ரூபாய் வீதம் 360. இன்னும் மாற்றவில்லை, அவசரமில்லை.

30 ஜூலை 2025

குளோனிங் பற்றி. ஒரு பெட்டியில் விண்டோஸ் 11, டாலி, பிரவுசர், பிரிண்டர் டிரைவர் எல்லாம் போட்டு, க்ளோன்சில்லா என்ற மென்பொருளில் டிஸ்க்கை அப்படியே படமெடுத்து மற்றவற்றில் இறக்கினேன். ஒரே மாடலாக இருப்பதன் சுகம் இங்கேதான் தெரிகிறது. 11 பெட்டியும் ஒரே நாளில் முடிந்தன. உரிமம் அந்தந்த போர்டில் இருப்பதால் ஒவ்வொன்றும் தானாக ஆக்டிவேட் ஆயிற்று. பெயரை மாற்ற மட்டும் மறந்துவிட்டேன். மறுநாள் காலை 12 பெட்டிக்கும் நெட்வொர்க்கில் ஒரே பெயர். கட்டிங் செக்ஷன் கொடுத்த பிரிண்ட் சாம்பிள் ரூமில் வந்தது. குளோன் எடுக்கும் முன் சிஸ்பிரெப் (பெயர் முதலான தனி அடையாளங்களை நீக்குகிற விண்டோஸ் கருவி) ஓட்ட வேண்டும் என்பதை 12வது பெட்டிக்குப் பிறகுதான் படித்தேன்.

பெரிய கலவரம் வேறு இடத்தில். எங்கள் ஹெச்ஆர் அக்கா 15 வருஷமாக பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடிக்கிறவர். பழைய ‘விடுமுறை அறிவிப்பு’ ஃபைலைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை, ஏனென்றால் புதுப் பெட்டியில் அந்த எழுத்துரு இல்லை. “என் ஃபைல் எல்லாம் போச்சுங்களா?” என்று கண் கலங்கிவிட்டார். எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டதும் தமிழ் திரும்பியது. யூனிகோடுக்கு மாறுங்கள், விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது என்று பாடம் எடுத்தேன். இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் பாமினிக்கே போய்விட்டார். போகட்டும், விரல் அவருடையது. நீங்கள் பெட்டி மாற்றும் முன் சி டிரைவில் எழுத்துரு ஃபோல்டரை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், யாரும் சொல்லமாட்டார்கள்.

29 ஆகஸ்ட் 2025

இரண்டாம் தவணை நின்றுவிட்டது. 27ஆம் தேதியிலிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி. எங்களுக்குப் பாதி ஆர்டர் அங்கேதான். ஓனர் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையைக் காதில் வாங்கவே தயாராக இல்லை. “தையல் மெஷினே சும்மா நிக்குது, பொட்டி எதுக்குங்க இப்போ?” அதுவும் நியாயம்தான். எட்டு சீட் பழசிலேயே ஓடுகிறது.

13 செப்டம்பர் 2025

‘22ஆம் தேதி ஜிஎஸ்டி குறைகிறது, அதுவரை கம்ப்யூட்டர் வாங்காதீர்கள்’ என்று ஒருவர் எழுதி, அதற்கு 14 பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு முன்பும் 18, பின்பும் 18. 32 அங்குலம் வரையிலான மானிட்டரும் ஏற்கெனவே 18தான். டிவி, ஏசிக்குக் குறைவதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார்கள். அரிசி விலை குறைந்தது என்று நகைக்கடைக்குப் போன கதை.

உபரிப் பெட்டி முதல் முறையாக அலமாரியை விட்டு வெளியே வந்தது. வியாழக்கிழமை மாலை டாகுமென்டேஷன் பையனின் பெட்டியில் எஸ்எம்பிஎஸ் போயிற்று. எஸ்எஸ்டியைக் கழற்றி உபரியில் போட்டேன், 12 நிமிஷத்தில் அதே ஸ்கிரீன், அதே இன்வாய்ஸ். கன்டெய்னர் அன்றைக்கே கிளம்பியது. இந்த வகைப் பெட்டியில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் பிளக்கும் தனி, சாதாரணக் கடைச் சரக்கு பொருந்தாது. பழைய பெட்டி கழற்றுகிறவரிடம்தான் வாங்க வேண்டும், எனக்கு 1,100 ஆயிற்று.

3 அக்டோபர் 2025

ஆயுத பூஜைக்கு எல்லா மானிட்டருக்கும் விபூதி, சந்தனம், குங்குமம். சாம்பிள் ரூம் கீபோர்டில் பொரி. குலுக்கினால் இன்னும் விழுகிறது.

பூஜைக்குச் சுத்தம் செய்ய பேக்கிங் செக்ஷனின் பழைய டவரைத் திறந்தேன். சிபியு விசிறியைச் சுற்றிப் பஞ்சு. கையால் பிய்த்தால் ஹீட்சிங்க்கின் வரிவரியான வடிவத்தில் அச்செடுத்த தகடு மாதிரி ஒரே துண்டாக வந்தது. ரோஸ் நிறம். போன மாதம் ஓடிய குழந்தைகள் ஆர்டர் ரோஸ். இன்னும் கிளறினால் அதற்கு முந்தைய ஆர்டரின் நேவி புளூவும் அடியில் ஒரு அடுக்காக இருந்தது. பனியன் கம்பெனி, நூற்பாலை, மஞ்சள் மண்டி எல்லோருக்கும் இதே கதைதான், உங்கள் பெட்டியில் மஞ்சளாக இருக்கும். மாதம் ஒரு முறை ப்ளோயர் பிடியுங்கள். பிடிக்கும்போது விசிறி இறக்கையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொள்ளுங்கள். காற்றில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும், போர்டுக்கும் நல்லதில்லை.

15 அக்டோபர் 2025

நேற்றோடு விண்டோஸ் 10 முடிந்தது. காலையில் எல்லாப் பெட்டியும் வழக்கம்போல ஆன் ஆயின. “ஒண்ணும் ஆகலையே, சும்மா பயமுறுத்துனீங்களா?” என்று ஓனர். இன்றைக்கு ஒன்றும் ஆகாதுதான், இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்பதுதான் விஷயம்.

காசு கட்டினால் வரும். கம்பெனிகளுக்கு முதல் வருஷம் ஒரு பெட்டிக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு, மொத்தம் மூன்று வருஷம். 61 டாலர் என்பது 5,000 ரூபாய்க்கு மேல். எங்கள் எட்டு பெட்டியையும் விற்றால் ஒன்றுக்கு அவ்வளவு வராது.

விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸைப் போடச் சொல்லும் அன்பர்கள் வந்துவிட்டார்கள், வாருங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு மூன்று பெட்டியில் லினக்ஸ் மின்ட் போட்டேன். கேட் என்ட்ரி, பேக்கிங் லிஸ்ட், கேமரா பார்க்கிற இடம், மூன்றிலும் பிரவுசர் மட்டும்தான் வேலை. ஜம்மென்று ஓடுகிறது. டாலி இருக்கிற சீட்டில் போடமாட்டேன், அந்த வாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

29 அக்டோபர் 2025

ஜூலை 21ஆம் தேதி ‘அவசரமில்லை’ என்று எழுதிய மேதாவி நான்தான்.

தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு, மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போனோம். திங்கட்கிழமை வந்து போட்டால் 12இல் 7 பெட்டியில் தேதி 2018, ஜனவரி 1. இ-இன்வாய்ஸ் தளம் திறக்கவில்லை, பேங்க் திறக்கவில்லை, ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்று பிரவுசர் நக்கல் செய்கிறது. ஒரு பையன் கவனிக்காமல் டாலியில் நாலு வவுச்சரை எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதியில் போடப் பார்த்து, அது ஏற்கவில்லை என்று என்னிடம் புகார். எல்லாம் அந்த 30 ரூபாய் காயின் பேட்டரி. ஏழு வயதுப் பெட்டியில் பேட்டரிக்கும் ஏழு வயது. வாங்கிய அன்றே மாற்றுங்கள். பெட்டி திறந்துதானே இருக்கிறது, ஒரு நகம் போதும்.

19 டிசம்பர் 2025

ராம்.

ஓனர் மனசு மாறி, ஒன்பது பெட்டிக்குச் சரி சொன்னார். அதே கடை, அதே மாடல், 16,200. “ராம் ரேட் சார், எங்க கையில ஒண்ணுமில்ல.” கையோடு பழைய 12க்கும் இன்னொரு 8 ஜிபி போடலாம் என்று தனியாக விலை கேட்டேன். 4,200. ஜூனில் 1,650. ஏஐ சர்வர்களுக்கு நினைவகச் சில்லெல்லாம் போகிறது, க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு விற்றுவந்த மைக்ரான் அந்த வியாபாரத்தையே விடுகிறேன் என்று இந்த மாதம் அறிவித்துவிட்டது. வெற்றிலை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியவன் 12 குச்சிக்கு 30,600 ரூபாய் கூடுதலாக எண்ண வேண்டும். ஜூனில் என் பேச்சைக் கேட்ட ஐந்தாறு பேர் இங்கே இருக்கிறீர்கள். மன்னிக்கவும்.

கேட்காமல் அப்போதே 16 போட்ட ஈரோட்டுக்காரர் இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரிக்கட்டும். அவரும் 20க்கு 20தான் வாங்கினார், உபரி இல்லை, அதைப் பிறகு பேசுவோம்.

20 டிசம்பர் 2025

நேற்று ஆத்திரத்தில் எழுதியது. ராத்திரி யோசித்தேன், 12க்கும் 16 எதற்கு? இன்று ஒவ்வொரு சீட்டாகப் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். 8 சீட்டில் வேலை உச்சத்தில் இருக்கும்போதும் 6 ஜிபி தாண்டவில்லை. மூச்சு முட்டுவது ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மெர்ச்சண்டைசருக்கும் எனக்கும் மட்டும். அவர்கள் எக்செலில் பையரின் படத்தோடு 40 ஷீட், பிரவுசரில் 30 டேப். எனக்கு டாலி, இரண்டு போர்ட்டல், நடுவில் கிரிக்கெட் ஸ்கோர்.

மூன்று குச்சி வேண்டும். இரண்டு வாங்கினேன், 8,400. மூன்றாவதை உபரிப் பெட்டியிலிருந்து கழற்றினேன். அதை என் பெட்டியில்தான் போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். பழைய பெட்டிகளிலிருந்து எடுக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: அவை டிடிஆர்3, பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் உட்காராது, உடையும்.

8 ஜனவரி 2026

ஒன்பதும் வந்து, மாட்டி முடிந்தது. இந்த முறை கடையிலேயே ஒன்பதையும் ஆன் செய்தேன், எம்ஜிஆரைக் கூப்பிட்டேன், பயாஸ் திறந்து பார்த்தேன், பேட்டரி மாற்றினேன். டீ அதற்குப் பிறகுதான். அக்டோபர் தாண்டிவிட்டதால் இந்த ஒன்பதுக்கும் தேய்மானம் இந்த வருஷம் 20 சதவீதம்தான், அதையும் அமெரிக்க வரியின் கணக்கில் எழுத வேண்டியதுதான்.

ஈரோட்டுக்காரர் தனியாக எழுதியிருந்தார். போன வாரம் அவர் பெட்டி ஒன்றில் போர்டு போய், புக்கிங் கவுன்டர் ஒன்றரை நாள் கையெழுத்து ரசீதில் ஓடியதாம். “அண்ணன் இப்பத்தான் உபரிக்குச் சரின்னாரு” என்கிறார்.

23 ஜனவரி 2026

எங்களிடம் உபரி இரண்டு இருந்தது அல்லவா. ஒன்றுக்கு ராம் இல்லை, தெரிந்ததே. இன்னொன்று முழுசு. அலமாரியில் துணி போர்த்தி வைத்திருந்தேன்.

இன்று காலை புதிதாக ஒரு மெர்ச்சண்டைசர் சேர்ந்தார். ஓனர் நேராக அலமாரியைக் காட்டி, “பொட்டி சும்மாதானே கெடக்குது, குடுங்க” என்றுவிட்டார். மதியத்துக்குள் அந்தப் பெண் 22 டேப் திறந்துவிட்டார். மாலையில் “சார், ராம் கொஞ்சம் சேர்த்துக் குடுப்பீங்களா?” என்று கேட்டபோது, என் பெட்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

நாளைக் காலை ரிச்சி தெருவுக்கு போன் போட வேண்டும். ஒரே ஒரு பெட்டி, அதே மாடல், ராமோடு.